கிரானைட் தூசியும் விரல் வெளுப்பதும்
உங்கள் அண்ணன் பல வருஷமாக கிரானைட் அறுக்கிறார், குளிரில் விரல் வெளுக்கிறது, தோலும் இறுகுகிறது என்கிறீர்கள். மெஷின் அதிர்வாலும் விரல் வெளுக்கும்தான், ஆனால் தோல் இறுகுவதை அப்படியே விட்டுவிடாதீர்கள். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலை மட்டும் கெடுப்பதில்லை; அதை விழுங்கும் வெள்ளணுக்கள் சிதைந்து, எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கத் தொடங்கலாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஸ்கிளீரோடெர்மா, அதாவது தோல் இறுகும் நோய், அதிகம் என்று 1957லேயே எழுதிவிட்டார்கள். முடக்குவாதம், லூபஸ் (எதிர்ப்பு சக்தி தோல், மூட்டு, சிறுநீரகம் போன்றவற்றைத் தாக்கும் நோய்) வாய்ப்பும் கூடுகிறது. சீக்கிரம் ருமட்டாலஜி (மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்கள்) டாக்டரிடம் போங்கள், என்ன வேலை, எத்தனை வருஷம் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எதிர்ப்பு சக்தி உடம்பைத் தாக்குகிறதா என்பதற்குத் துப்பு தரும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே பற்றிக் கேளுங்கள். அப்புறம், பீடி பிடிப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும். முகத்தில் துண்டு கட்டுவது போதவே போதாது, தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும்.