கெர்னல் மாட்யூலில் வரும் சாக்அட்ர் பாயிண்டரை நேரடியாகக் காஸ்ட் செய்து படிக்கலாமா?

கேட்டவர் லினக்ஸுக்குப் புதிதாக ஒரு புரோட்டகால் மாட்யூல் எழுதுகிறார். பைண்ட் (சாக்கெட்டுக்கு முகவரி ஒதுக்கும் அழைப்பு) ஹேண்ட்லருக்குள் வரும் சாக்அட்ர் (sockaddr, நெட்வொர்க் முகவரியை வைத்திருக்கும் ஸ்ட்ரக்ட்) பாயிண்டரைத் தன் ஸ்ட்ரக்டுக்குக் காஸ்ட் செய்து, ஃபேமிலியை (எந்த வகை முகவரி என்று சொல்லும் எண்) சரிபார்த்துவிட்டு மற்ற ஃபீல்டுகளை எடுத்துக்கொள்கிறார். சோதித்தவரை ஒழுங்காக ஓடுகிறது, இது போதுமா என்கிறார்.

போதாது. காஸ்ட் செய்யலாம், கெர்னலில் எல்லா இடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பாயிண்டரோடு கூடவே ஒரு நீளம் வருகிறதே, அதைப் பார்க்காமல் ஒரு பைட்டைக்கூடத் தொடக் கூடாது. பிஎஸ்டியில் முகவரிக்குள்ளேயே அதன் நீளம் ஒரு பைட்டாக இருக்கும். லினக்ஸில் அது கிடையாது, தனியாக வரும் அந்த எண் மட்டும்தான் நமக்கு ஆதாரம்.

யூசர் ஸ்பேஸிலிருந்து பைண்ட் அழைப்பு வந்தால் சாக்கெட் லேயர் பெரிதாக எதையும் சோதிப்பதில்லை. நீளம் மைனஸில் இருக்கக் கூடாது, 128 பைட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். பிறகு கெர்னல் ஸ்டாக்கில் இருக்கும் 128 பைட் சாக்அட்ர்_ஸ்டோரேஜுக்குள் அந்த நீளத்துக்கு மட்டும் காப்பி செய்துவிட்டு உங்கள் ஹேண்ட்லரைக் கூப்பிடுகிறது, மிச்ச இடத்தை அது துடைப்பதில்லை. நீளம் 1 என்று ஒருவர் கொடுத்தால், 2 பைட் இருக்க வேண்டிய ஃபேமிலியிலேயே பாதிதான் வந்திருக்கும். மீதி, அந்த ஸ்டாக்கில் முன்பு ஓடிய ஏதோ ஒரு ஃபங்ஷன் விட்டுப்போனது. இதனால் கெர்னல் கிராஷ் ஆகாது, ஸ்டாக்கைத் தானாகப் பூஜ்யமாக்கும் கம்பைல் ஆப்ஷன் போட்டிருந்தால் தப்பான மதிப்புகூடக் கண்ணில் படாது. சோதனையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இது புதியவர்கள் மட்டும் செய்கிற தவறும் இல்லை. 2019 ஏப்ரலில் கெர்னலிலேயே இருக்கும் எஸ்சிடிபி, ஆர்டிஎஸ், நெட்லிங்க், எல்எல்சி புரோட்டகால்கள் என்று வரிசையாகப் பல இடங்களில் இதே திருத்தம் போனது: முகவரியைப் படிப்பதற்கு முன் நீளத்தைப் பார்.

சரி, எந்த வரிசையில் பார்ப்பது? முதலில் நீளம் 2 பைட்டாவது இருக்கிறதா, பிறகு ஃபேமிலி, பிறகு அந்த ஃபேமிலிக்குரிய முழு நீளம். எடுத்த எடுப்பிலேயே முழு நீளம் கேட்டால் கனெக்டில் சிக்கல் வரும், ஏனென்றால் ஏஎஃப்_அன்ஸ்பெக் (வகை குறிப்பிடாத ஃபேமிலி) கொடுத்து கனெக்ட் செய்தால் இணைப்பைத் துண்டி என்று அர்த்தம், அதற்கு 2 பைட் மட்டும் வரலாம். ஐபிவி6 முகவரி 28 பைட், ஆனால் ஸ்கோப் ஐடி (எந்த நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் என்று சொல்லும் எண்) அந்த ஸ்ட்ரக்டில் பிற்பாடு சேர்ந்ததால் பழைய புரோகிராம்களுக்காக 24 பைட்டையும் கெர்னல் ஏற்கிறது. ஸ்கோப் ஐடியைப் படிக்கும் முன் 28 இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்க்க வேண்டும். யூனிக்ஸ் சாக்கெட்டில் 108 பைட் பாதையும் நிரம்பி, கடைசியில் நல் (பூஜ்ய பைட்) இல்லாமலேயே வரலாம், அப்ஸ்ட்ராக்ட் பெயரோ (கோப்பாக இல்லாத சாக்கெட் பெயர்) நல்லில்தான் தொடங்கும். அதனால் அங்கே நல் வரும்வரை எண்ணும் ஸ்டர்லென்னை நம்பவே முடியாது.

பைண்டிலேயே கவனம் வைத்து எதிர்த்திசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதுதான் அதிகக் கவலை. கெட்நேமிலோ (சாக்கெட்டின் முகவரியைக் கேட்கும் அழைப்பு) ரிசீவ்மெசேஜிலோ (செய்தியைப் பெறும் அழைப்பு) முகவரியை நிரப்பி வெளியே அனுப்பும்போது முதலில் ஸ்ட்ரக்ட் முழுவதையும் மெம்செட் செய்து பூஜ்யமாக்கிவிடுங்கள். ஐபிவி4 ஸ்ட்ரக்டின் கடைசி 8 பைட் வெறும் நிரப்பல், அதைப் பூஜ்யமாக்காமல் விட்டால் கெர்னல் நினைவகத்தின் 8 பைட் சாதாரண யூசர் கைக்குப் போகிறது. உங்கள் ஸ்ட்ரக்டில் கம்பைலர் சேர்க்கும் பேடிங்கும் அப்படியே. ரிசீவ்மெசேஜ் ஹேண்ட்லர்கள் முகவரி நீளத்தை நிரப்பாமல் விட்டு ஸ்டாக் கசிந்த பிழைகள் தொடர்ந்து வந்ததால்தான் 2013-இல் அந்த விதியையே மாற்றினார்கள். இப்போது நீளம் 0-இல் தொடங்கும், முகவரியை உண்மையிலேயே எழுதிய ஹேண்ட்லர்தான் அதை ஏற்ற வேண்டும்.

அப்புறம், லோக்கல் மாறியாக வெறும் சாக்அட்ர் வைக்காதீர்கள். அது 16 பைட், ஐபிவி6 முகவரி அதில் கொள்ளாது, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து அழித்துவிடும். சாக்அட்ர்_ஸ்டோரேஜ் வையுங்கள். கெர்னலுக்குள்ளிருந்தே கனெக்ட் செய்வதானால் சாக்கெட்டின் ஆப்ஸ் (அதன் ஃபங்ஷன் பாயிண்டர்களின் பட்டியல்) வழியாக நேரடியாகப் போகாமல் கெர்னல்_கனெக்டைக் கூப்பிடுங்கள். பிபிஎஃப் ஹூக் (கெர்னலுக்குள் ஏற்றி ஓட்டும் சிறு புரோகிராம்) முகவரியை மாற்றி எழுத முடியும் என்பதால் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் மூல முகவரியே மாறிப்போய், அடுத்த முறை இணையும்போது வேறெங்கோ போகும் நிலை இருந்தது. 2023-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கெர்னல்_கனெக்ட் ஒரு நகலைத்தான் உள்ளே அனுப்புகிறது.

சோதிக்க ஒரு சின்ன சி புரோகிராம் போதும்: நீளம் 0, 1, 2, உங்கள் ஸ்ட்ரக்டின் அளவில் ஒன்று குறைவு, சரியான அளவு, 128, 129 என்று கொடுத்து பைண்டையும் கனெக்டையும் கூப்பிடுங்கள். கெர்னலை க்ளாங் கம்பைலரில் கேஎம்எஸ்ஏஎன் (துவக்காத நினைவகத்தைப் பயன்படுத்துவதைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்டு பில்ட் செய்து அதில் ஓட்டுங்கள், அந்தக் கருவி கெர்னல் 6.1 முதல் மெயின்லைனிலேயே இருக்கிறது. துவக்காத பைட்டை வைத்து உங்கள் ஹேண்ட்லர் ஒரு முடிவெடுத்தால் எந்த வரியில் என்று காட்டிவிடும்.