மகளைத் தூங்கவைப்பது யார்?

கேள்வி: எனக்கு வயது 36. ஏழு ஆண்டுகளாகக் கஞ்சா புகைக்கிறேன். முன்பு மாதத்தில் ஓரிரு நாள், நண்பர்களோடு மட்டும். இப்போது தினமும் இரவில் தனியாக, ஒன்றே ஒன்று. வேலைக்கு ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. இடையில் மூன்று நாள் நிறுத்திப் பார்த்தேன், பொட்டுத் தூக்கம் வரவில்லை. அதனால் மருந்தைப் போலத்தான் எடுத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் மகள் தூங்கிய பிறகு மாடிக்குப் போவேன், இப்போது அவளைத் தூங்கவைப்பதை மனைவி பார்த்துக்கொள்கிறார். கஞ்சாவுக்கு யாரும் அடிமையாவதில்லை என்கிறார்களே, மனைவி வீணாகப் பயப்படுகிறாரா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: மகளைத் தூங்கவைப்பதை இப்போது மனைவி பார்த்துக்கொள்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. குழந்தை கண்ணயரும் வரை காத்திருக்க முடிந்தவருக்கு இப்போது அது முடியவில்லை. மாறியது அவள் தூங்கும் நேரமல்ல, நீங்கள் மாடிப்படி ஏறும் நேரம். ஒரு கதை சொல்லிப் போர்வையை இழுத்துவிடுவதற்கு ஆகும் இருபது நிமிடத்தைக்கூட அந்தப் புகை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. நீங்களோ அதை வீட்டு வேலைப் பங்கீடு போல எழுதுகிறீர்கள்.

'ஒன்றே ஒன்று' என்று கணக்குக் காட்டுகிறீர்கள். இந்தப் பழக்கத்தை எடைபோடும் மருத்துவர் எண்ணிக்கையோடு நிற்க மாட்டார். வாரத்தில் எத்தனை நாள், எந்த வேளையில், யாரோடு, எதற்காக, சரக்கு எவ்வளவு வீரியமானது, புகையிலை கலந்ததா என்று துருவிக் கேட்பார். நண்பர்களோடு எப்போதாவது இழுப்பவருக்கும், தூங்குவதற்கென்றே தினமும் தனியாக இழுப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அடையாளங்கள் உண்டு. வாழ்க்கையைப் பாதிக்கும் அளவில் அவற்றில் இரண்டு 12 மாதங்களுக்குள் தென்பட்டாலே கோளாறு என்று கொள்வார்கள். வீட்டுக் கடமையில் தவறுவது அவற்றில் ஒன்று, நிறுத்தும்போது உடல் முரண்டுபிடிப்பது மற்றொன்று. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் இரண்டையும் உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

மூன்று இரவு தூக்கம் வராததை, கஞ்சா மருந்து என்பதற்குச் சான்றாகக் காட்டுவதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி நாள்தோறும் ஏறினால், மூளையில் அது பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் குறைகின்றன. திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சலும் பசியின்மையும் தூக்கமின்மையும் தலைதூக்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தணிந்துவிடும். தூக்கம் மட்டும் சிலருக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கும். நீங்கள் மிகக் கடினமான நாட்களில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். பழக்கம் கெடுத்த தூக்கத்துக்குப் பழக்கத்தையே மருந்தாக்கிக்கொண்டீர்கள்.

சரக்கின் வீரியத்தைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக 11 இடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், டிஎச்சி 10 சதவீதத்துக்குக் குறையாத சரக்கைத் தினமும் பயன்படுத்தியவர்களுக்கு, கஞ்சாவைத் தொடாதவர்களைவிட இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது என நிஜத்தோடு பிடிப்பு அறுந்துபோகும் உளப்பிறழ்வு நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. எல்லோருக்கும் வந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. உங்கள் குடும்பத்தில் யாருக்கேனும் அந்த நோய் இருந்திருந்தால் இன்னும் கூடுதலாக அஞ்ச வேண்டும்.

வேலைக்கு மட்டம் போட்டதில்லை என்பதைப் பதக்கம் போலக் குத்திக்கொள்கிறீர்கள். மட்டம் போட்டால் அங்கே சம்பளத்தைப் பிடிப்பார்கள். மகளால் எதைப் பிடிக்க முடியும்? தகப்பன் செய்ய வேண்டியதைத் தாய் சேர்த்துச் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பதை நான் என்றுமே ஒப்புக்கொண்டதில்லை. உங்கள் மனைவி பயப்படுவது வீண் அல்ல, அதுவும் உங்கள் பங்கையும் சுமந்துகொண்டே பயப்படுகிறார்.

இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்று நிலைநாட்டப்பட்ட மாத்திரை எதுவும் கிடையாது, பேச்சுவழிச் சிகிச்சைதான் முதன்மையானது. தூக்கத்துக்கு மதுவையோ, கடையில் நீங்களாக வாங்கும் மாத்திரையையோ நாடாதீர்கள். புகையிலை கலந்து புகைத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இன்று இரவு மகளை நீங்களே தூங்கவையுங்கள். கதை முடிவதற்குள் எழுந்து போகத் தோன்றினால், அது எத்தனை மணி என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.