ஞானஸ்நானம் எடுத்து வருடங்கள் ஆகியும் பழைய கோபம் போகவில்லை. நான் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்கிறேனா?

கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில் மாறியதாகச் சொல்கிறார்கள், எனக்கோ ஜெபத்தில் பழைய ஆர்வம்கூட இல்லை, வீட்டில் கோபம் அப்படியே இருக்கிறது, நான் உண்மையாகவே இரட்சிக்கப்பட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மனதுக்கு இன்று எப்படித் தோன்றுகிறது என்பதை மட்டும் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். ஒரே ராத்திரியில் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள், அந்தச் சாட்சிகள் உண்மை. ஆனால் வருடக்கணக்காக நாக்கை அடக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அதனால் கேட்கிற நமக்கு, வேகமாக நடப்பதுதான் தேவனுடைய வேலை என்று ஒரு எண்ணம் விழுந்துவிடுகிறது.

ஜான் நியூட்டனைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அடிமை வியாபாரத்தில் இருந்தவர், புயலில் சிக்கி மனந்திரும்பி, போதகராகி, கிருபையைப் பற்றிப் பாட்டு எழுதினார் என்பார்கள். கேட்கும்போது புயலுக்கும் பிரசங்க பீடத்துக்கும் நடுவே ஒரு வாரம்தான் இருந்தது போலத் தோன்றும். புயல் வந்தது 1748 மார்ச் மாதம். அடிமைக் கப்பலுக்கு அவர் கேப்டன் ஆனதே அதற்குப் பிறகுதான். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்கள் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் கிடந்தார்கள். சங்கிலியும் பூட்டுமாக இருக்கும் அந்தத் தொழில் அவர் மனதை உறுத்தியது உண்டு, வேறு வேலை தரும்படி ஜெபித்ததும் உண்டு. ஆனாலும் கடலை விட்டது 1754ல் திடீரென்று உடம்பு முடியாமல் போனதால்தான். போதகராக அபிஷேகம் பெற்றது 1764ல். அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாகச் சிறுநூல் எழுதியது 1788ல். புயலில் இருந்து கணக்குப் பார்த்தால் 40 வருடம். புயலில் கர்த்தரைக் கூப்பிட்ட அந்தச் சமயத்தில் தான் முழு விசுவாசியாக இருந்ததாகச் சொல்ல முடியாது, அதற்கு இன்னும் காலம் பிடித்தது என்று அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இதை வெறும் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தது அவர் அல்ல, கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள். தன்னுடைய அறிக்கை மிகவும் பிந்தி வந்தது என்பதை நியூட்டனே 1788ல் ஒத்துக்கொண்டார். தேவன் பொறுமையாக இருக்கிறார் என்பது சரி, அதற்காக நம்மால் காயப்படுகிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகாது. உங்கள் கோபம் மனைவி மேலோ பிள்ளைகள் மேலோ விழுகிறது என்றால், நீங்கள் வளர்ந்து முடிக்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள். குணம் மாறக் காலம் ஆகலாம், மன்னிப்புக் கேட்கக் காலம் ஆக வேண்டாம்.

இப்போது ஜெபத்தில் ஆர்வம் போனது பற்றி. மாற்கு 4ஆம் அதிகாரத்தில் நிலம் முன்பு முளையையும், பின்பு கதிரையும், பிறகு கதிரிலே நிறைந்த தானியத்தையும் கொடுக்கும் என்று ஆண்டவர் சொன்ன வசனத்தை வைத்து, நியூட்டன் மூன்று கடிதங்கள் எழுதினார். விசுவாசியின் மூன்று பருவங்களைப் பற்றியவை அவை. முதல் பருவத்தில் ஆசை அதிகம், கண்ணீர் அதிகம், ஜெபம் இனிக்கும். இரண்டாவதில் போராட்டம். தன் இருதயம் எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் ஒருவனுக்குத் தெரியவரும், முன்னைவிடக் கெட்டுப்போய்விட்டோமோ என்றுகூடத் தோன்றும். மூன்றாவது பருவத்துக்காரனும் தன்னளவில் பலசாலி ஆகிவிடுவதில்லை. தன் பலவீனத்தை நன்றாகத் தெரிந்துகொண்டதால் கிறிஸ்துவை அதிகமாகப் பற்றிக்கொள்கிறான், மற்றவர்களிடம் மென்மையாக இருக்கிறான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த இரண்டாம் கடிதம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உங்கள் உள்ளத்தை நான் பார்த்தவன் இல்லை, ஆனால் தன் கோபத்தைப் பார்த்து இப்படி வருத்தப்படுவது செத்த மனதுக்கு வராது என்று நம்புகிறேன்.

தமஸ்கு வழியில் கர்த்தரைச் சந்தித்து எத்தனையோ வருடம் கழித்து, காவலில் இருந்துகொண்டு பவுல் எழுதியதையும் பாருங்கள்: ‘நான் அடைந்தாயிற்று, அல்லது முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்’ ‘ஆசையாய்த் தொடருகிறேன்’ (பிலிப்பியர் 3:12). சபைகளை நாட்டிய அப்போஸ்தலனே தொடருகிறேன் என்றுதான் சொல்கிறார்.

வளர்ச்சி நம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூட இருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். எங்கள் அப்பா முன்கோபி. சின்ன வயதில், அவர் ஒரு தடவை கோபப்பட்டால் வீட்டில் நாள்கணக்கில் பேச்சு இருக்காது. கடைசிக் காலத்திலும் கோபம் வந்தது, ஆனால் சாப்பாட்டு நேரத்துக்குள் அவரே வந்து அம்மாவைச் சாப்பிடக் கூப்பிடுவார். “இவரை ஆண்டவர் எவ்வளவு மாத்திட்டாரு தெரியுமா” என்று அம்மா எங்களிடம் சொல்வார்கள். அப்பாவோ தன்னிடம் ஒரு மாற்றமும் இல்லை என்று ஜெபத்தில் அழுதுகொண்டிருப்பார். அதனால் கோபம் வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறீர்கள் என்பதையும் பாருங்கள்.

அப்புறம், என்ன செய்வது? வேத வாசிப்பு, குடும்ப ஜெபம், சபை, திருவிருந்து எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ருசி இல்லாத நாட்களிலும் அவற்றை விடாதீர்கள். ஆனால் உங்கள் கேள்வியில் கூட்டங்களைப் பற்றி வருகிறது, சபையில் நெருக்கமாகப் பேசும் ஒரு ஆளைப் பற்றியும் வரவில்லை. எனக்கு அதுதான் கவலை. நியூட்டனும் புயலுக்குப் பிறகு ஆறு வருடம் ஏறக்குறைய தனியாகத்தான் தடுமாறினார். 1754ல் செயின்ட் கிட்ஸ் தீவில் அலெக்சாண்டர் க்ளூனி என்ற இன்னொரு கப்பல் கேப்டனைச் சந்தித்தார். இருவரும் ராத்திரி வெகுநேரம் பேசுவார்கள். கிருபை தன்னைக் கடைசிவரை தாங்கும் என்ற நிச்சயம் அந்தப் பேச்சுகளில்தான் அவருக்குக் கிடைத்தது. க்ளூனி போதகர் அல்ல, முன்னே கொஞ்ச தூரம் நடந்திருந்த ஒரு விசுவாசி. உங்கள் சபையிலும் அப்படி ஒரு மூத்தவர் இருப்பார். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உடனே வண்டியை எடுக்காமல், அவரிடம் அரை மணி நேரம் பேச முடியுமா என்று கேளுங்கள். எங்களுக்கு எழுதிய இதே கேள்வியை அவரிடமும் அப்படியே கேளுங்கள்.