வாசகர் கேள்வி – பதில்: நியாயாதிபதிகள் புத்தகம்

கேள்வி: ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் நியாயாதிபதிகள் புத்தகம் நடத்துகிறேன். பாவம், அடிமைத்தனம், கூக்குரல், விடுதலை என்று பலகையில் ஒரு வட்டம் வரைவது வழக்கம். எல்லாக் கதைகளும் அந்த வட்டத்துக்குள் வருமா?

பதில்: வராது. முதல் நியாயாதிபதியான (அரசர்களுக்கு முன் இஸ்ரவேலை விடுவித்து நடத்திய தலைவன்) ஒத்னியேலின் கதை (அதிகாரம் 3, வசனம் 7-11) மட்டும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். இஸ்ரவேலர் கானானியரின் தெய்வங்களான பாகால்களைச் சேவித்தார்கள், கர்த்தர் அவர்களைக் கூசான்ரிஷதாயீம் என்ற அந்நிய ராஜாவின் கையில் 8 வருஷம் விற்றுப்போட்டார், கூப்பிட்டார்கள், இரட்சகன் எழும்பினான், தேசம் 40 வருஷம் அமைதலாயிருந்தது. ஐந்தே வசனம். ஏகூத், தெபோராள் வரை இந்த வரிசை ஏறக்குறைய நிற்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கண்ணியாகக் கழன்றுவிடுகிறது.

மீதியானியரின் கொடுமை தாங்காமல் கூப்பிட்டபோது முதலில் வந்தவன் இரட்சகன் அல்ல, கண்டித்துப் பேசிய ஒரு தீர்க்கதரிசி (6:7-10). கிதியோன் அதற்குப் பிறகுதான் வருகிறான். யெப்தாவின் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். நீங்கள் தெரிந்துகொண்ட தேவர்களிடமே போய் முறையிடுங்கள் என்று பதில் வருகிறது (10:14). சிம்சோன் காலத்திலோ கூப்பிட்டதாகவே எழுதப்படவில்லை. 40 வருஷம் பெலிஸ்தரின் கீழ் இருந்து பழகிவிட்டார்கள். யூதா மனுஷர் 3,000 பேர் திரண்டு போனது பெலிஸ்தரோடு சண்டையிட அல்ல, சிம்சோனைக் கட்டி அவர்களிடம் ஒப்புக்கொடுக்க (15:11-13).

‘தேசம் அமைதலாயிருந்தது’ என்ற வரியையும் பின்தொடர்ந்து பாருங்கள். ஒத்னியேலுக்குப் பின் 40, ஏகூத்துக்குப் பின் 80, தெபோராளுக்குப் பின் 40, கிதியோனின் நாட்களில் 40 (8:28). அதோடு அந்த வரி புத்தகத்திலிருந்து மறைந்துவிடுகிறது. யெப்தா நியாயம் விசாரித்தது 6 வருஷம்தான். அதற்குள் யோர்தான் துறைகளில் இஸ்ரவேலின் ஒரு கோத்திரமான எப்பிராயீமர் 42,000 பேர் சொந்தச் சகோதரர் கையாலேயே வெட்டுண்டார்கள்.

ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு ஐந்து பத்தி உள்ள ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள்: யார் கையில் விற்கப்பட்டார்கள், எத்தனை வருஷம், கூப்பிட்டார்களா, யார் எழும்பினார், தேசம் அமைதலாயிருந்ததா. வசனத்தில் இல்லாததற்குக் கட்டத்தை வெறுமையாகவே விடவேண்டும். பலரும் தவறுவது மூன்றாம் பத்தியில். ‘கூப்பிட்டார்கள்’ என்று இருக்கும் இடத்தில் ‘மனந்திரும்பினார்கள்’ என்று எழுதிவிடுவார்கள். பாவத்தை அறிக்கையிட்டு, அந்நிய தேவர்களையும் அகற்றியதாக இந்தப் புத்தகத்தில் இருப்பது ஒரே இடத்தில்தான்: 10:10-16. மற்ற இடங்களில் வலி பொறுக்காமல் அலறினார்கள். அதற்கே கர்த்தர் மனமிரங்கினார் (2:18).

கேள்வி: செங்கடல் பிளந்ததைக் கண்டவர்கள் எப்படிப் பாகாலிடம் போனார்கள்?

பதில்: கண்டவர்கள் போகவில்லை. யோசுவாவின் தலைமுறை மரித்தபின், கர்த்தரையும் அவர் செய்ததையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று என்கிறது 2:10. அவர்கள் பயிர் செய்தது வானம் பார்த்த பூமி. எகிப்தில் நைல் நதி இருந்தது, வாய்க்கால் பாசனம் இருந்தது. கானான் மலைநாடோ ‘வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கும்’ தேசம் (உபாகமம் 11:10-11). அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் மழைக்கு அதிபதி பாகால் என்றார்கள். சிரியாவின் கடற்கரையில் உகரித் என்ற பழைய நகரத்தில் 1929-ல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகள் பாகாலை மேகங்களின்மேல் ஏறிவருபவன் என்று பாடுகின்றன. பெரும்பாலோர் கர்த்தரை அடியோடு கைவிட்டதாகத் தோன்றவில்லை. விளைச்சலுக்கு ஒன்று, யுத்தத்துக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். கிதியோனின் சொந்தத் தகப்பன் வீட்டிலேயே பாகாலின் பலிபீடம் இருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு 5-ம் அதிகாரத்தைப் படித்தால் தெபோராளின் பாட்டில் ஒரு குத்தல் இருப்பது புரியும். கானானியரின் சேனாபதி சிசெராவிடம் 900 இருப்பு ரதங்கள். சமவெளியில் அவற்றை எதிர்த்து நிற்க யாராலும் முடியாது. அதனால்தான் இஸ்ரவேலின் படையை நடத்திய பாராக்கின் 10,000 பேர் முதலில் தாபோர் மலையில் ஏறிக்கொண்டார்கள். பிறகு மேகங்கள் தண்ணீரைப் பொழிந்தன, கீசோன் நதி சத்துருக்களை அடித்துக்கொண்டுபோயிற்று (5:4, 21). சேற்றில் சக்கரம் புதைந்தால் ரதம் வெறும் சுமைதான். சிசெரா இறங்கிக் கால்நடையாய் ஓடினான். மழைக்குத் தேவன் என்று பாகாலை நம்பியவர்களின் நாட்டில், மழையாலேயே வெற்றி!

கேள்வி: தண்டனை கொடுக்க எத்தனையோ வழி இருக்க, பயிரை அழிக்கும் மீதியானியரை ஏன் அனுப்பவேண்டும்?

பதில்: கர்த்தர் இஸ்ரவேலோடு செய்த உடன்படிக்கையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. உபாகமம் 28-ல் கீழ்ப்படியாமைக்கு என்னென்ன வரும் என்ற பட்டியல் உண்டு. உன் நிலத்தின் கனியை நீ அறியாத ஜனம் புசிக்கும் என்பது 33-ம் வசனம். அது 7 வருஷம் அப்படியே நடந்தது. விதை விதைத்தபின் மீதியானியரும் அமலேக்கியரும் ஒட்டகங்களோடு வந்து இறங்கி, காசாவின் எல்லைவரை விளைச்சலை அழித்து, ஆடுமாடுகளையும் விட்டுவைக்காமல் போனார்கள். அதனால்தான் கிதியோன் கோதுமையைத் திராட்சை ஆலையில் போரடித்தான். களம் என்றால் காற்று வீசும் திறந்த மேடாக இருக்கவேண்டும். அப்போதுதான் தூற்ற முடியும். திராட்சை ஆலையோ பாறையில் வெட்டிய குழி. காற்றும் வராது, மாடு சுற்ற இடமும் இருக்காது; கொஞ்சம் கோதுமையைக் கையால் அடித்து ஒளித்துவைக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: கிதியோனின் படையில் தண்ணீரை நக்கிக் குடித்த 300 பேர் விழிப்பான வீரர்கள் என்பதால் தெரிந்துகொள்ளப்பட்டார்களா?

பதில்: அப்படி வசனம் சொல்லவில்லை. 32,000 பேரில் பயந்த 22,000 பேர் திரும்பினார்கள். அது உபாகமம் 20:8-ன் சட்டம். மீதி 10,000 பேர் 300 ஆனதற்குக் காரணம் 7:2-ல் இருக்கிறது: ‘என் கையே என்னை இரட்சித்தது’ என்று இஸ்ரவேல் பெருமை பேசக்கூடாது. ஆனால் அதே கிதியோன் கொள்ளைப்பொருளில் 1,700 சேக்கல் பொன் வாங்கி (சுமார் 19 கிலோ) ஓர் ஏபோத்தை (ஆசாரியர் அணியும் மேலங்கி) உண்டாக்கினான். அது இஸ்ரவேலுக்குக் கண்ணியாயிற்று. பிரசங்கங்களில் 8:27 ஏனோ அதிகம் கேட்கக் கிடைப்பதில்லை.

கேள்வி: எகிப்திலிருந்து புறப்பட்டதுமுதல் சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியதுவரை 480 வருஷம் என்கிறது 1 இராஜாக்கள் 6:1. நியாயாதிபதிகளின் வருஷங்களைக் கூட்டினால் அதற்குப் பொருந்தவில்லையே?

பதில்: பொருந்தாது. இந்தப் புத்தகத்தின் எண்களை மட்டும் வரிசையாகக் கூட்டினால் 410 வரும். வனாந்தரத்தின் 40, ஆசாரியன் ஏலியின் 40, தாவீதின் 40 சேர்ந்தாலே 480-ஐத் தாண்டிவிடும். நியாயாதிபதிகள் வெவ்வேறு பகுதிகளில் ஒரே காலத்தில் இருந்திருக்கலாம் என்பது பெரும்பாலான விளக்கவுரைகளின் கருத்து. சிம்சோனின் 20 வருஷம் பெலிஸ்தரின் நாட்களுக்குள்ளேயே அடங்கும் என்று 15:20 காட்டுகிறது. 10:7-ல் பெலிஸ்தரும் அம்மோனியரும் சேர்ந்தே வருகிறார்கள்.

கேள்வி: சிம்சோன் இஸ்ரவேலை விடுவித்தானா?

பதில்: விடுவிக்கத் தொடங்குவான் என்றுதான் 13:5-ல் தூதன் சொன்னது. மிஸ்பாவில் சாமுவேல் காலத்தில் பெலிஸ்தர் தாழ்த்தப்பட்டார்கள் (1 சாமுவேல் 7). அதற்குப் பின்னும் சவுல் கில்போவாவில் அவர்களிடமே தோற்று மடிந்தான். அவர்கள் கை முழுதாக ஒடுங்கியது தாவீதின் காலத்தில்தான்.