ஏஸ் காம்பாட் 7-ஐ முடித்தவர் பழைய பாகங்களுக்குப் போனால் கன்ட்ரோல் பழகுமா?

ஏஸ் காம்பாட் என்ற போர்விமான வீடியோ கேம் தொடரில் 7-ஐ முடித்துவிட்டீர்கள், அடுத்து 4, 5, ஜீரோ ஆட ஆசை, ஆனால் கன்ட்ரோல் ரொம்பப் பழசாக இருக்குமோ, ஆட்டமே வேறு மாதிரி இருக்குமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பிளேஸ்டேஷன் 2 காலத்திலிருந்து இந்தத் தொடரை விடாமல் ஆடி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: கன்ட்ரோல் பழசாகத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் உங்கள் விரல்களே உங்களுக்கு எதிரியாகும்.

7-ல் ஆர்2 வேகம், எல்2 பிரேக், மேலே இருக்கும் எல்1-ம் ஆர்1-ம் ரடர், அதாவது மூக்கை மட்டும் இடமோ வலமோ நகர்த்த. பிளேஸ்டேஷன் 2-ல் வந்த 4, 5, ஜீரோ மூன்றிலும் இது மேல்கீழாக இருக்கும். வேகமும் பிரேக்கும் ஆர்1, எல்1-ல், ரடர் கீழே எல்2, ஆர்2-ல். இது மட்டும் என்றால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஆனால் 7-ல் எல்2, ஆர்2 இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஸ்டிக்கை இழுத்தால் ஹை-ஜி டர்ன், விமானம் அப்படியே சுருட்டிக்கொண்டு திரும்பும் இல்லையா? பழைய மூன்றிலும் அதே இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால் ஆட்டோபைலட். விமானம் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு, இறக்கை சமமாக, நேர்கோட்டில் பறக்கும். 7-ஐ மூன்று முறை முடித்த கையோடு ஜீரோவுக்குத் திரும்பியபோது எனக்கு இதுதான் நடந்தது. எதிரி ஏஸ், அதாவது கைதேர்ந்த விமானி, ஒருவன் என்னைத் தாண்டி இடப்பக்கம் வளைகிறான், நானும் சாய்த்து இழுக்கிறேன், போதவில்லை, விரல் தானாக இரண்டு பட்டனையும் நெரிக்கிறது, உடனே அடிவானம் நேராகிவிட்டது. அவன் திரையை விட்டே போய்விட்டான், அடுத்த நொடி ஏவுகணை எச்சரிக்கை கத்துகிறது. ஒரு வாரம் ஆனது அந்தப் பழக்கத்தை விட.

மற்றபடி கைக்குத் தெரிந்த வீடுதான். வட்டம் அழுத்தினால் ஏவுகணை, எக்ஸ் துப்பாக்கி, முக்கோணம் இலக்கை மாற்ற, அதையே அழுத்திப் பிடித்தால் கேமரா இலக்கைப் பார்த்தபடி இருக்கும். இந்த அமைப்பை 4-லிருந்து 7 வரை பெரிதாகத் தொடவே இல்லை. ஸ்டிக்குக்கு இரண்டு முறை இருப்பதும் அப்படித்தான். எளிய முறையில் ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் விமானம் கொஞ்சம் சாய்ந்து தானே திரும்பும். இன்னொரு முறையில் (7-ல் அதன் பெயர் எக்ஸ்பர்ட்) உருளும், அவ்வளவுதான், திரும்ப வேண்டுமென்றால் நீங்கள்தான் சாய்த்துவிட்டு இழுக்க வேண்டும். எந்தப் பாகம் ஆடினாலும் முதல் மிஷனிலிருந்தே இந்த உருளும் முறையில் வையுங்கள், தயவுசெய்து. எளிய முறையில் தலைகீழாகப் பறக்கவே முடியாது. தலைகீழாகப் போய் மேலிருந்து இறங்கி எதிரியின் வாலைப் பிடிக்கத் தெரியாமல் இந்தத் தொடரை முடிப்பது பாதி ஆட்டத்தை மட்டும் ஆடியதற்குச் சமம்.

சரி, பட்டன் இவ்வளவு ஒன்றுபோல இருந்தும் ஏன் ஒவ்வொரு பாகமும் கையில் வேறு மாதிரி இருக்கிறது? என் அனுபவத்தில் எல்லாம் பிரேக்கில்தான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒவ்வொரு பாகமும் ஒரு பதில் வைத்திருக்கிறது.

பிளேஸ்டேஷன் 2 பாகங்களில் பதில் எளிமையானது: வேகம் குறைந்தால் விமானம் திரும்பும் வட்டம் சிறிதாகும். அவ்வளவே. ஹை-ஜி கிடையாது, ஏவுகணையை ஏமாற்றும் ஃப்ளேரும் கிடையாது. எச்சரிக்கை கத்தும்போது ஏவுகணையின் பாதைக்குக் குறுக்காக வெட்டித் திரும்பித்தான் தப்ப வேண்டும். அதனால் எப்போது பிரேக்கைப் பிடிப்பது, எப்போது விட்டு வேகத்தை மீட்பது என்ற கணக்கு மெதுவாக உடம்பில் ஏறுகிறது. 7-ல் தொடங்கியவர்களுக்கு இது முதலில் மந்தமாகத் தெரியும், விமானம் கனமாக இருக்கிறது என்பார்கள். நான்கைந்து மிஷன் பொறுங்கள். ஒரு வட்டத்தை முன்கூட்டியே யோசித்துத் தொடங்கி, அதன் முடிவில் எதிரி சரியாக உங்கள் குறிக்குள் வந்து நிற்கும்போது கிடைக்கும் நிறைவு, ஹை-ஜியில் சுருட்டிப் பிடிப்பதில் கிடைப்பதில்லை.

இந்த மூன்றுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. 2001-ல் வந்த 4-ல் உங்களுக்குக் கட்டளையிட அணி கிடையாது, கிட்டத்தட்ட தனி ஆள். பல மிஷன்கள் 'இத்தனை நிமிடத்துக்குள் இத்தனை புள்ளி' என்ற வகை. எங்கே போய் எதை அடிப்பது என்பது உங்கள் இஷ்டம், ஏவுகணை தீர்ந்தால் எல்லைக்கோட்டைத் தாண்டித் தளத்துக்குத் திரும்பி நிரப்பிக்கொண்டு வரலாம். ஒவ்வொரு விமானத்துக்கும் மூன்று சிறப்பு ஆயுதங்கள், புறப்படும் முன் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 2004-ல் வந்த 5-ல் கதை முன்னால் வந்துவிட்டது. சுற்றிலும் மூன்று தோழர்கள், திசை பட்டன்களில் தாக்கு, காப்பாற்று, கலைந்து போ என்று கட்டளையிடலாம், அவர்கள் கேட்பதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்லலாம். ஆனால் விமானத்துக்கு ஒரே ஒரு சிறப்பு ஆயுதம்தான், மாற்ற முடியாது. 7-ல் விருப்பப்படி மாற்றிப் பழகியவர்களுக்கு இது உறுத்தும். 5-ல் சுதந்திரம் குறைவு, மிஷன் சொல்வதைச் செய்ய வேண்டும். தரையில் இருக்கும் ரேடார்களின் வட்டங்களுக்கு இடையே நுழைந்து நெளிந்து ஒரு போக்குவரத்து விமானத்துக்குத் துணையாகப் போகும் மிஷன் ஒன்று இருக்கிறது, அதில் சுடுவதை விட வேகத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் வேலை. பலருக்கு அது சலிப்பு. எனக்குப் பிடிக்கும், பிரேக்கையும் ரடரையும் நுணுக்கமாகக் கையாளச் சொல்லிக்கொடுத்ததே அந்த மிஷன்தான்.

ஜீரோ (2006) எனக்கு மூன்றிலும் நெருக்கமானது. ஒரே ஒரு தோழன், மொத்தம் 18 மிஷன், வால்பிடிச் சண்டைதான் மையம். செயலிழந்த எதிரிகளையும் தீங்கற்ற இலக்குகளையும் அடிக்கிறீர்களா, விட்டுவிடுகிறீர்களா என்பதை ஆட்டம் கணக்கு வைத்து உங்களைக் கூலிப்படை, சிப்பாய், வீரமறவர் என்று மூன்று வகையில் எதிலோ சேர்க்கும். அதைப் பொறுத்து எதிரே வரும் ஏஸ் அணிகள் மாறும். ஆகவே விரலைக் கட்டுப்படுத்திச் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும், கண்ணில் பட்டதையெல்லாம் குறிவைத்துச் சுடும் பழக்கம் இங்கே உங்களை வேறு ஆளாக்கிவிடும். கடைசிச் சண்டையின் இறுதிக் கட்டத்தில் எதிரியை முன்னாலிருந்து நேருக்கு நேர் அடித்தால்தான் அடி விழும். இருவரும் எதிரெதிராக விலகிப் போய், திரும்பி, மறுபடி நெருங்கி வரும்போது சுட இரண்டு நொடிதான் கிடைக்கும். வேறெந்தப் புதுப் பட்டனும் இல்லாமல் ஒரே ஒரு விதியை மாற்றி இவ்வளவு படபடப்பை உண்டாக்கியதை நான் இன்றுவரை வியக்கிறேன்.

6 (2007) எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மட்டும் வந்தது. ஹை-ஜி டர்ன் இங்கேதான் நுழைந்தது, இரண்டு ட்ரிகரையும் சேர்த்து இழுப்பது. மிஷன்களும் பெரிதானது, ஒரே வானத்தில் பல முனைகளில் போர் நடக்கும், எதற்கு முதலில் போவது என்று நீங்கள் தீர்மானிக்கலாம், கூட்டுப்படைகளை ஒரே நேரத்தில் தாக்கச் சொல்லலாம். கை பழகியதை வைத்துப் பார்த்தால் 7-க்கு மிக அருகில் இருப்பது இதுதான்.

2011-ல் வந்த அசால்ட் ஹொரைசனைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால் டாக்ஃபைட் மோடு: விமானம் எதிரியின் வாலில் தானாக ஒட்டிக்கொண்டு கட்டிடங்களுக்கு இடையே போகும், நீங்கள் குறிவைத்தால் போதும். பார்க்கப் பிரமாதம். ஆனால் முக்கிய எதிரிகள் சிலர் மேல் வெளியிலிருந்து எவ்வளவு சரியாக வளைந்து வந்து சுட்டாலும் ஏவுகணை படாது, அந்த மோடுக்குள் போயே ஆக வேண்டும். நான் சம்பாதித்த வட்டத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது என்பதுதான் எனக்கு அதன் மேல் இருக்கும் வருத்தம்.

7 (2019) அந்தப் பிடியை விமானியிடமே திருப்பிக் கொடுத்தது. ஹை-ஜி திரும்பி வந்தது, கூடவே வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு அதே பட்டன்களோடு இழுத்தால் மூக்கு மட்டும் வானத்தைப் பார்த்து நிமிரும் போஸ்ட்-ஸ்டால் வித்தையும் வந்தது. அப்புறம் மேகம். மேகத்துக்குள் போனால் ஏவுகணையின் பின்தொடரும் திறன் குறையும், அதில் ஒளிந்துகொள்ளலாம், ஆனால் அதிக நேரம் இருந்தால் கண்ணாடியில் நீர்த்துளி திரண்டு, உறைந்து, விமானம் சொன்ன பேச்சைக் கேட்காது. இடி மின்னலுக்கு நடுவே பாறைத் தூண்கள் நிற்கும் பள்ளத்தாக்கில் நடக்கும் 7-வது மிஷனை நினைத்துப் பாருங்கள், மின்னல் அடித்ததும் திரையில் இருக்கும் அளவீடுகள் எல்லாம் குலைந்துபோகும். பழைய பாகங்களில் மேகம் வெறும் படம். அங்கே போய் மேகத்தில் ஒளிய முயலாதீர்கள், ஏவுகணை உங்களைத் தேடி வந்துவிடும்.

பிளேஸ்டேஷன் 1-ல் வந்தவற்றை விரைவாகச் சொல்கிறேன். 1995-ல் வந்த முதல் பாகம் ஸ்டிக்கே இல்லாத கன்ட்ரோலர் காலத்தது, இன்று ஆடக் கடினம். 2 இன்னும் விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. 3-ஐ ஆடினால் ஜப்பானியப் பதிப்பை ஆடுங்கள். அதில் 52 மிஷன், கிளை பிரியும் கதை. வெளிநாட்டுப் பதிப்பில் கதையை வெட்டி 36 ஆக்கிவிட்டார்கள்.

வரிசை கேட்டால், 4, அப்புறம் ஜீரோ, அதற்குப் பின் 5. 4-ன் முதல் மிஷனை மட்டும் இரண்டு மூன்று முறை ஆடுங்கள், ஜெயிப்பதற்காக அல்ல. ஒரே எதிரியைச் சுடாமல் அவன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு, ஆள்காட்டி விரல் ஆர்1, எல்1-ஐ விட்டுக் கீழே இறங்காமல் சுற்றிக்கொண்டே இருங்கள். நடுவிரலை ரடர் பட்டன்கள் மேல் தனியாக வைத்துப் பழகினால் இன்னும் நல்லது, நான்கு விரலும் நான்கு பட்டனில் இருக்கும்போதுதான் அந்தப் பழைய விமானங்கள் நினைத்த இடத்தில் வளைகின்றன.