செஸ் புரோகிராமுக்கு எந்த மொழி?

அன்புள்ள அண்ணா,

மன்னார்குடியில் மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். பைத்தானில் ஒரு செஸ் புரோகிராம் எழுதினேன். நாலு நகர்வு ஆழம் தேடச் சொன்னால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம் ஆகிறது. நண்பர்கள் ரஸ்ட் என்கிறார்கள், சீனியர் சி பிளஸ் பிளஸ் என்கிறார். எதில் எழுதுவது? எந்த கம்பைலர்?

க.

அன்புள்ள க.,

ஈசனே சித்தராக வந்து இளவரசியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்ததாகச் சொல்லும் பூவனூர் உங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மொழி சி பிளஸ் பிளஸ், கம்பைலர் ஜிசிசி. ரஸ்ட் வேகத்தில் குறைந்ததில்லை, ஏற்கெனவே பழகியிருந்தால் அதிலேயே எழுதுங்கள். ஆனால் பேர்பெற்ற செஸ் புரோகிராமான ஸ்டாக்ஃபிஷ் சி பிளஸ் பிளஸில்தான் இருக்கிறது, மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கிறது, மாட்டிக்கொண்ட இடத்தில் திறந்து பார்த்துக்கொள்ளலாம். பலகையின் 64 கட்டங்களையும் ஒரு 64 பிட் எண்ணுக்குள் வைப்பதுதான் பிட்போர்டு. அப்படி இரண்டு எண்களை ‘ஆண்ட்’ செய்வது சி பிளஸ் பிளஸில் பிராசசருக்கு ஒரே கட்டளை, பைத்தானிலோ ஒவ்வொரு எண்ணும் தனி ஆப்ஜெக்ட். ஒன்று மட்டும் கவனம்: வெறும் 1-ஐ நாற்பது இடம் தள்ளினால் அது 32 பிட் இன்ட், அதை 64 பிட் எண்ணாக்க, பின்னால் யுஎல்எல் போட வேண்டும். கட்டத்தின் எண் மாறியாக இருந்தால் கம்பைலர் எச்சரிக்கக்கூடச் செய்யாது. வேகம் கூட்டும் ஓ2, மார்ச் நேட்டிவ் என்ற கம்பைலர் தெரிவுகள் இரண்டையும் கொடுத்து கம்பைல் செய்யுங்கள்.

ஆனால் மொழி மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நடு ஆட்டத்தில் ஒரு நிலைக்கு முப்பதுக்கு மேல் நகர்வுகள் இருக்கும், ஆக ஐம்பது மடங்கு வேகம் கிடைத்தாலும் இரு தரப்பின் எல்லா நகர்வுகளையும் விடாமல் தேடிப் பார்க்கும் வெறும் மினிமேக்ஸில் ஏறக்குறைய ஒரே ஒரு நகர்வு ஆழம்தான் கூடும். முடிவை மாற்றாத கிளைகளைப் பார்க்காமலே விட்டுவிடும் ஆல்பா பீட்டாவும் நல்ல நகர்வை முதலில் பார்க்கும் வரிசையும் அமைந்தால் அதே நேரத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆழம் போகலாம்.

அதற்கும் முன்னால் பெர்ஃப்ட், அதாவது ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை செல்லுபடியாகும் நகர்வு வரிசைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் சோதனை. தொடக்க நிலையிலிருந்து ஐந்து ஆழத்துக்கு 48,65,609 வர வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ தப்பு. எனக்கு அது சரியாகவே வந்தது, அப்புறம் ஓர் இறுதியாட்ட நிலையில் மூன்றாம் ஆழத்தில் 2812 வராமல் தஞ்சாவூர் மாடி அறையில் மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தேன். ஏ5-ல் வெள்ளை ராஜா, பி5-ல் வெள்ளைச் சிப்பாய், மறுகோடி எச்5-ல் கறுப்பு யானை. கறுப்புச் சிப்பாய் சி7-லிருந்து சி5-க்கு வருகிறது, அதை ஆன் பாசானில், அதாவது இரண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல் வெட்டும் விதியில், வெட்டுகிறோம். அந்த வரிசையிலிருந்து இரண்டு சிப்பாய்களும் ஒரே நேரத்தில் போய்விடுகின்றன, யானை நேராக ராஜாவைப் பார்க்கிறது! அந்த வெட்டே செல்லாது, என் நிரல் அதை அனுமதித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் உங்களுக்குப் பழகிய பைத்தானிலேயே முதலில் சரிசெய்யுங்கள், மெதுவாக ஓடினால் ஓடட்டும். எண்கள் பொருந்தியதும் சி பிளஸ் பிளஸுக்கு மாற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அந்த நிலையில் 2812 வந்ததும் எழுதுங்கள், நகர்வு வரிசையைப் பற்றி அப்போது பேசலாம்.