ஊசிக்குப் போக முதல் கிளினிக் கொப்பியைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, 18 வருடமாகச் சலரோகம். நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. இரவு சாப்பிட்ட புட்டு விடியச் சத்தியில் அப்படியே வருகிறது. எண்டொஸ்கோப்பியில் அடைப்பு இல்லை. வெளிநாட்டு ஆராய்ச்சிகளில் இதற்கு நரம்பைத் தடுக்கும் மருந்து பாவிக்கிறார்களாம், அந்த ஊசியைச் சென்னையில் போடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். முற்பணம் கட்டலாமா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: கட்டாதீர்கள். அம்மாவுக்கு அனேகமாகக் காஸ்ட்ரோபரேசிஸ், அதாவது அடைப்பு இல்லாமலே வயிறு மந்தமாகிச் சாப்பாடு இறங்கத் தாமதிக்கும் வியாதி.

இரைப்பையைப் பிசைய வைப்பது வேகஸ் நரம்பு. அது தசைக்குக் கட்டளை அனுப்புவது அசிற்றைல்கோலீன் என்ற பொருளின் மூலம். அற்றோபின் போன்ற மருந்துகள் அதைத் தடுக்கும். ஆய்வுகூடத்தில் இவற்றைக் கொடுப்பது வயிற்றை வேண்டுமென்றே மந்தமாக்கத்தான். மந்தமாக்கிவிட்டு, புதிய மருந்து அதை மீட்கிறதா என்று பார்ப்பார்கள். அது சிகிச்சை அல்ல.

ஏஜென்ட் சொல்லும் ஊசி அனேகமாகப் பொற்றுலினம் (பொற்றொக்ஸ்). இரைப்பையிலிருந்து சாப்பாடு வெளியேறும் வாசல் தசையைத் தளர்த்த எண்டொஸ்கோப்பி வழியாகப் போடுவது. 2007இல் 23 பேரிலும் 2008இல் 32 பேரிலும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் உணர்ந்த சுகத்தில் உப்புநீரை அது வெல்லவில்லை. வேலை செய்தாலும் சில மாதத்தில் தேய்ந்துவிடும். பிறகு இன்னொரு பயணம், இன்னொரு கொமிஷன்.

நரம்பைத் தடுக்கும் மருந்தைத் தேடி அலைய முதல், அம்மா அதை ஏற்கனவே விழுங்குகிறாரா என்று பாருங்கள். வயிற்றுநோவுக்குப் புஸ்கோபான், சலம் அடக்க முடியாததற்கு ஒக்சிபியூற்றினின், கால் எரிவுக்கு அமிற்றிப்டிலீன்: மூன்றும் அசிற்றைல்கோலீனைத் தடுப்பவை. நோவுக்குக் கொடுக்கும் ட்ரமடோல் வேறு வழியில் வயிற்றைக் கட்டும். ஒரு கிளினிக் எழுதியதை மற்றக் கிளினிக் புரட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு நிமிடத்தில் அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுகிற இடத்தில் யார் பார்ப்பது? எல்லாக் குளிசை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே வைத்தியரின் மேசையில் கொட்டுங்கள்.

அமிற்றிப்டிலீன் மட்டும் விதிவிலக்கு. இரவில் 10 மில்லிகிராம் என்றால் அதுதான் குற்றவாளி என்று முடிவுகட்ட வேண்டாம்; அந்தச் சிறிய அளவு பெரிதாக மந்தமாக்காமலும் இருக்கலாம். 50, 75 என்று ஏறியிருந்தால் சந்தேகிக்கலாம். எந்த அளவானாலும் நீங்களாகச் சடுதியாக நிறுத்தாதீர்கள். நித்திரை குழம்பும், குமட்டல் வரும். அந்தக் குமட்டலை வயிற்று வியாதி கூடிவிட்டது என்று எண்ணி, திரும்ப ஏஜென்டிடம் போவீர்கள். வைத்தியர் சொல்கிற படிப்படியில்தான் குறைக்க வேண்டும்.

வியாதியை உறுதிசெய்ய, கதிரியக்கம் சேர்த்த முட்டை வெள்ளைக்கரு உணவைக் கொடுத்து ஸ்கான் எடுப்பார்கள். 4 மணித்தியாலம் கழித்தும் 10 சதவீதத்துக்கு மேல் வயிற்றில் கிடந்தால் தாமதம். ஒரு மணித்தியாலத்தில் ரிப்போர்ட் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். மேலே சொன்ன குளிசைகளையும், வயிற்றை வேகப்படுத்தும் மெற்றோகுளோப்பிறமைட், டொம்பெரிடோனையும் 2, 3 நாள் முன்னரே நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள். அன்று காலை சீனி 275க்கு மேல் நின்றால் ஸ்கானைத் தள்ளிப்போடுங்கள். கூடின சீனியே வயிற்றை மந்தமாக்கும்.

இதற்கிடையில் பனங்கிழங்கு, ஒடியல் கூழ், முருங்கைக்காய்ச் சக்கை வேண்டாம். நார் வயிற்றில் கட்டியாகத் திரளும். குழைந்த கஞ்சி, சொதி, சிறுகச் சிறுக ஆறு வேளை.

இன்சுலின் போடுகிறார் என்றால் கவனம். சாப்பாடு வயிற்றிலேயே கிடக்க ஊசி முந்திவிடும். சீனி முதலில் இறங்கி, பிறகு ஏறும். ஊசி நேரத்தை மாற்றுவதைப் பற்றி இந்தக் கிழமையே வைத்தியரோடு கதையுங்கள்.